முள் ஏறாத காரும் சூடு வராத ஹீட்டரும்

உதகமண்டலத்தில் சனவரி மாத விடியற்காலைகளில் வெப்பநிலை சில நாட்களில் 0° செ. அருகில்கூட இறங்கிவிடும். புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். இரவெல்லாம் வெளியில் நின்ற கார்களின் கண்ணாடியில் பனி படிந்திருக்கும். இப்படிப்பட்ட ஒரு காலையில், சமவெளியிலிருந்து வந்த ஒரு கார் புறப்படுவதாக வைத்துக் கொள்வோம். ஓட்டுநர் ஹீட்டரைப் போடுகிறார். காற்று வருகிறது, ஆனால் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. பத்து நிமிடம் ஓடிய பின்பும் அதே நிலைதான். டாஷ்போர்டில் எஞ்சினின் வெப்பத்தைக் காட்டும் முள்ளைப் பார்க்கிறார். வழக்கமாக நடுவில் நிற்க வேண்டிய முள், அடிக்கோட்டை விட்டுச் சற்றுத்தான் நகர்ந்திருக்கிறது.

‘முள் சிவப்புக்குப் போனால்தானே ஆபத்து? கீழே இருந்தால் நல்லதுதானே!’ என்று பலர் நினைப்பார்கள். ஆனால் குளிர்ந்தே ஓடும் எஞ்சினும் நோயுற்ற எஞ்சின்தான். சில வேளைகளில் கீழே கிடக்கும் முள்ளுக்குப் பின்னால், கொதித்துக் கொண்டிருக்கும் எஞ்சினும் ஒளிந்திருக்கக் கூடும்! நோய் எதுவெனக் கண்டறிய, நீங்கள் பள்ளியில் படிக்கும் வெப்ப இயலே போதும்.

எஞ்சினுக்குச் சூடு எதற்கு?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. இதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பெரும் பங்கு புகைக்குழாய் வழியே சூடான வாயுவாக வெளியேறிவிடும். மீதி எஞ்சினின் உலோகச் சுவர்களில் ஏறுகிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பநிலை 2,000° செ. அளவையும் தாண்டும். அலுமினியமோ 660° செ. வெப்பநிலையிலேயே உருகிவிடும். எனவே சுவர்களில் ஏறும் வெப்பத்தை இடைவிடாமல் அகற்றியாக வேண்டும்.

அப்படியானால் எவ்வளவு அதிகமாகக் குளிர்விக்கிறோமோ அவ்வளவு நல்லதா? இல்லை. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் முழுவதும் ஆவியாவதில்லை. ஒரு பகுதி திவலைகளாகச் சிலிண்டர் சுவரில் ஒட்டி, அங்கே மெல்லிய படலமாக இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடுகிறது. உராய்வு மிகுந்து உலோகம் தேய்கிறது.

இன்னொரு செய்தி உங்களுக்கு வியப்பளிக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன், காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்வதே காரணம். எஞ்சின் சூடாக இருந்தால் இந்த நீர் ஆவியாகப் போய்விடும். குளிர்ந்திருந்தால் ஒரு பகுதி எண்ணெயில் கலந்து அதைக் கெடுக்கும். இக்காலக் கார்களில் எரிபொருளை அளந்து தெளிப்பது ஒரு சிறு கணிப்பொறி. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று அறிந்தால் அது கூடுதலாகப் பெட்ரோலைத் தெளித்துக் கொண்டேயிருக்கும். செலவும் மிகும், புகையும் மிகும்.

ஆகவே எஞ்சின் விரைவாகச் சூடேற வேண்டும். பின்னர் 90° செ. அளவில் நிலையாக நிற்க வேண்டும். நம் உடல் 37° செ. அளவில் நிற்பதைப் போன்றது இது.

வெப்பம் போகும் பாதை

எஞ்சினின் சுவர்களுக்குள் நீர் ஓடும் பாதைகள் உள்ளன. இதில் ஓடுவது வெறும் நீர் அன்று. நீருடன் எதிலீன் கிளைக்கால் கலந்த கலவை. இதைக் ‘கூலண்ட்’ என்கிறோம். இரண்டையும் சம அளவில் கலந்தால் கலவை −37° செ. வரை உறையாது. துரு பிடிக்காமல் இருக்கச் சில வேதிப்பொருள்களையும் இதில் சேர்க்கிறார்கள். கிளைக்கால் இனிப்புச் சுவை உடையது. ஆனால் கொடிய நஞ்சு. குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

வாட்டர் பம்ப் இக்கலவையைச் சுற்றிவரச் செய்கிறது. எஞ்சினில் வெப்பத்தைப் பெற்ற கலவை, முன்புறமுள்ள ரேடியேட்டருக்குச் சென்று மெல்லிய குழல்களின் வழியே இறங்குகிறது. குழல்களைச் சுற்றியுள்ள உலோகத் தகடுகளின் ஊடே காற்று புகுந்து வெப்பத்தை வாங்கிச் செல்கிறது. பெயர் ரேடியேட்டர் என்றாலும் கதிர்வீச்சினால் வெளியேறும் வெப்பம் இங்கே மிகவும் குறைவு. பெரும்பகுதியை அள்ளிச் செல்வது ஓடும் காற்றே.

எஞ்சினிலிருந்து இன்னொரு சிறு கிளை பிரிந்து, பயணிகள் அமரும் அறையின் முன்பகுதிக்கு வருகிறது. அங்கே டாஷ்போர்டின் பின்னால் ஒரு சிறிய ரேடியேட்டர் மறைந்திருக்கிறது. அதன் மீது ஒரு விசிறி காற்றை ஊதுகிறது. இதுதான் ஹீட்டர்! எரிபொருளைத் தனியாகச் செலவிடாமல், எஞ்சின் வேண்டாமென்று தள்ளும் வெப்பத்தையே நமக்குக் கொடுக்கும் சிக்கனமான கருவி இது.

இதனால் ஒன்று விளங்குகிறது. முள்ளும் ஹீட்டரும் ஒரே கூலண்டின் வெப்பநிலையை நமக்கு அறிவிக்கும் இரண்டு சாட்சிகள். முள் மின்சாரத்தின் மூலம் சொல்கிறது. ஹீட்டர் காற்றின் மூலம் சொல்கிறது. ஒரு சாட்சியை மட்டும் நம்பாமல் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் நமது ஆய்வு தொடங்குகிறது.

மெழுகு செய்யும் காவல்

எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் ஒரு வாயிற்காவலன் இருக்கிறான். அவன் பெயர் தெர்மோஸ்டாட். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குச் செல்லும் வழியை அவன் அடைத்துவிடுவான். கூலண்ட் எஞ்சினுக்குள்ளும் ஹீட்டருக்குள்ளும் மட்டும் சுற்றி விரைவாகச் சூடேறும். ஏறத்தாழ 82° முதல் 90° செ. வரையிலான ஒரு குறித்த வெப்பநிலையில் வழி திறக்கத் தொடங்கும். மேலும் பத்துப் பதினைந்து டிகிரி ஏறினால் முழுவதும் திறந்துவிடும்.

இந்தக் காவலனுக்கு மின்சாரமும் இல்லை, மூளையும் இல்லை. இருப்பது ஒரு சிறு உலோகச் சிமிழும் அதற்குள் சிறிது மெழுகுமே! குறித்த வெப்பநிலையில் உருகுமாறு இந்த மெழுகைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உருகும்போது மெழுகின் கன அளவு பத்து விழுக்காடு அளவுக்குப் பெருகுகிறது. போவதற்கு வேறு இடமில்லாத மெழுகு, சிமிழுக்குள் செருகியிருக்கும் ஓர் எஃகு ஊசியை வெளியே தள்ளுகிறது. அந்தத் தள்ளலே வாயிலைத் திறக்கிறது. குளிர்ந்ததும் மெழுகு சுருங்கும். ஒரு சுருள்வில் வாயிலை மூடிவிடும்.

மெழுகு பெருகுவதை வீட்டிலேயே காணலாம். உருகிய மெழுகுவர்த்தி மெழுகைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி ஆறவிடுங்கள். ஆறியபின் அதன் நடுவில் ஒரு குழி விழுந்திருக்கும். திண்மமாகும்போது மெழுகு சுருங்கியதற்கு அதுவே சான்று. நீரோ இதற்கு நேர்மாறானது, உறையும்போது பெருகும்.

‘தெர்மோஸ்டாட்’ என்ற பெயருடன் ஒரு கருவிக்கு 1830ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் ஆண்ட்ரூ யூர் என்ற ஸ்காட்லாந்து வேதியியலார். அவருடைய கருவியில் இருவேறு உலோகங்களை ஒட்டிய பட்டை வளைந்து வேலை செய்தது. மெழுகைப் பயன்படுத்தும் முறையை 1930களில் உருவாக்கியவர் செர்ஜியஸ் வெர்னே. அதற்கு முன் கார்களில், எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்த துருத்தி போன்ற அமைப்பு இருந்தது. ரேடியேட்டர்களை அழுத்தத்துடன் மூடிவைக்கும் முறை பரவியபோது, அந்த அழுத்தம் துருத்தியை அமுக்கிச் செயலைக் குழப்பியது. திண்மமும் திரவமுமாகிய மெழுகை அழுத்தம் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. எனவே மெழுகு வென்றது.

வாயில் திறந்தே நின்றால்?

இப்போது நம் காருக்கு வருவோம். தெர்மோஸ்டாட்டின் வாயில் மூட முடியாமல் திறந்தபடியே சிக்கிக் கொண்டது என்று வைத்துக் கொள்வோம். துருத்துணுக்கோ சுண்ணாம்புப் படிவோ வாயிலின் விளிம்பில் மாட்டிக் கொண்டால் இப்படி நேரும். கூலண்டுக்குப் பதில் ஆழ்குழாய்க் கிணற்றின் கடினநீரை ஊற்றி ஊற்றி ஓட்டும் வண்டிகளில் இது எளிதில் வரும். சுருள்வில் ஒடிந்தாலும் இதே கதிதான்.

விளைவை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒரு சிறிய கார் 60 கி.மீ. வேகத்தில் மணிக்கு 4 லிட்டர் பெட்ரோல் செலவிடுகிறது எனில், எரிபொருள் தரும் ஆற்றல் ஏறத்தாழ 36 கிலோவாட். இதில் கூலண்டுக்கு வருவது 8 கிலோவாட் என்று கொள்வோம். ஒரு பொருள் இழக்கும் வெப்பம், அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்ற நியூட்டனின் குளிர்தல் விதியை நீங்கள் அறிவீர்கள். நம் ரேடியேட்டர், ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் 200 வாட் வெப்பத்தை வெளியேற்றும் என்று கணக்குக்காக வைத்துக் கொள்வோம்.

வருகிற வெப்பமும் போகிற வெப்பமும் சமமாகும் இடத்தில் வெப்பநிலை நிலைத்து நிற்கும். 8,000 வாட்டை 200 ஆல் வகுத்தால் 40. அதாவது கூலண்ட், வெளிக்காற்றைவிட 40 டிகிரி மட்டுமே சூடாக இருக்கும். உதகையில் காற்று 5° செ. எனில் கூலண்ட் 45° செ. தான்! ஹீட்டரையும் போட்டால் இன்னும் குறையும். ஹீட்டர் டிகிரிக்கு 50 வாட் எடுக்கிறது எனில், 8,000ஐ 250 ஆல் வகுக்க வேண்டும். விடை 32. கூலண்ட் 37° செ. அளவில் நின்றுவிடும். ஹீட்டர் தருவது 32 × 50 = 1,600 வாட். நல்ல காரில் கூலண்ட் 85° செ. வெப்பநிலையில் இருப்பதால் வேறுபாடு 80 டிகிரி. ஹீட்டர் தருவது 4,000 வாட். பாதிக்கும் குறைவாகவே சூடு கிடைப்பதன் காரணம் இதுதான்.

இதே பழுதான கார் 35° செ. வெயிலில் சென்னையில் ஓடினால்? 35உடன் 40 கூட்டினால் 75° செ. ஆயிற்று. முள் நடுவுக்குச் சற்றுக் கீழே நிற்கும். யாரும் கவனிக்க மாட்டார்கள். ஹீட்டரை அங்கே போடுவார் எவருமில்லை. சமவெளியில் மறைந்திருந்த நோய் மலையேறியதும் வெளிப்பட்டுவிடுகிறது.

இங்கே ஒரு தவறான வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஞ்சின் அடிக்கடி கொதிக்கும் வண்டிகளில், “இதைக் கழற்றிப் போட்டுவிட்டால் வண்டி சூடே ஆகாது, சார்” என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிடும் மெக்கானிக்குகள் சமவெளியில் சிலர் உண்டு. கொதிப்பதற்கு உண்மையான காரணம் அடைபட்ட ரேடியேட்டராகவோ தேய்ந்த பம்பாகவோ இருக்கலாம். அதை விட்டுவிட்டுக் காவலனை வேலையிலிருந்து நீக்குவதால் பயனில்லை. எஞ்சின் நாள்தோறும் நெடுநேரம் குளிர்ந்தே ஓடித் தேய்கிறது. சில எஞ்சின்களில் கூலண்டின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே திரும்பி, கொதிப்பை அதிகமாக்குவதும் உண்டு.

ஓடினால் இறங்கும், நின்றால் ஏறும்

திறந்தே சிக்கிய தெர்மோஸ்டாட்டுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. கார் வேகமாக ஓடும்போது முள் இறங்கும். கார் நிற்கும்போது மெல்ல ஏறும். இது முதலில் முரணாகத் தோன்றலாம். ஆனால் நம் கணக்கு இதையும் விளக்கிவிடும். நிற்கும் காரின் ரேடியேட்டரில் காற்றோட்டம் இல்லை. அது வெளியேற்றும் வெப்பம் டிகிரிக்கு 40 வாட்டாகக் குறைகிறது என்று கொள்வோம். எஞ்சின் சும்மா சுற்றும்போது கூலண்டுக்கு வருவது 3,000 வாட் எனில், வேறுபாடு 75 டிகிரி. ஆகவே 5° செ. குளிரிலும் கூலண்ட் 80° செ. நோக்கி ஏறத் தொடங்கும். மறுபடி ஓட்டினால் காற்று அடித்து இறக்கிவிடும்.

மலையிறக்கத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சாலை ஏறத்தாழ 1,900 மீட்டர் இறங்குகிறது. 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் இவ்வளவு உயரம் இறங்கும்போது இழக்கும் நிலையாற்றலைக் கணக்கிட்டால், அரை லிட்டருக்குச் சற்று அதிகமான பெட்ரோலின் ஆற்றலுக்குச் சமமாக வரும். ஆனால் இந்த ஆற்றலில் பெரும்பகுதி பிரேக்கிலும் காற்றிலும் வெப்பமாகிவிடும். கூலண்டுக்கு வருவது சிறிதே. கியரில் போட்டு இறங்கும்போது இக்காலக் கார்கள் எரிபொருளையே நிறுத்திவிடும். வரவு குறைகிறது, முன்னாலிருந்து அடிக்கும் காற்றினால் செலவு மட்டும் நடக்கிறது. நல்ல தெர்மோஸ்டாட் தன் வாயிலை மூடி இருப்பைக் காத்துக் கொள்ளும். திறந்தே நிற்பதோ முழுவதையும் இழந்துவிடும். இறக்கத்தில் சில கிலோமீட்டருக்குள் முள் சரசரவென்று கீழே விழுந்தால் சந்தேகம் வலுக்கிறது.

எஞ்சின் சூடேற எடுக்கும் நேரமும் ஒரு குறிப்பு. 5 கிலோகிராம் கூலண்டும் 80 கிலோகிராம் உலோகமும் சேர்ந்து ஒரு டிகிரி ஏற ஏறத்தாழ 55 கிலோஜூல் வேண்டும். 5° செ. வெப்பநிலையிலிருந்து 85° செ. வரை ஏற 4,400 கிலோஜூல். 8 கிலோவாட் வீதம் இதைப் பெற 550 விநாடி, அதாவது ஒன்பது நிமிடம். எனவே முதல் சில நிமிடங்களில் ஹீட்டர் சுடவில்லை என்று குறை சொல்வது நியாயமன்று. கால் மணி நேரம் ஓடியும் முள் எழவில்லை என்றால்தான் ஆராய வேண்டும்.

முள் பொய் சொல்லுமா?

முள் காட்டுவது எஞ்சினின் வெப்பநிலையையன்று. கூலண்டில் மூழ்கியிருக்கும் ஓர் உணர்கருவியின் வெப்பநிலையையே. இந்த வேறுபாட்டை மறந்தால் பெரிய தவறு நேரும்.

இந்த உணர்கருவிக்குத் ‘தெர்மிஸ்டர்’ என்று பெயர். உலோகக் கம்பி சூடானால் அதன் மின்தடை கூடும் என்று படித்திருப்பீர்கள். தெர்மிஸ்டரில் இது தலைகீழ். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில், 20° செ. வெப்பநிலையில் 2,500 ஓம் அளவில் இருக்கும் தடை 80° செ. வெப்பநிலையில் 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். இத்தகைய இயல்பு வெள்ளி சல்பைடில் இருப்பதை மைக்கேல் ஃபாரடே 1833ஆம் ஆண்டிலேயே கண்டிருக்கிறார்.

இப்போது எண்ணிப் பாருங்கள். தெர்மிஸ்டருக்குச் செல்லும் கம்பி அறுந்துவிட்டால் தடை எவ்வளவு? எல்லையற்றது! அதிகத் தடை என்றால் அதிகக் குளிர் என்பதே முள்ளின் மொழி. ஆகவே எஞ்சின் நல்ல சூட்டில் இருந்தாலும் முள் அடியில் கிடக்கும்.

இதைவிட அபாயமான பொய் ஒன்றும் உண்டு. எங்கேனும் ஒழுகிக் கூலண்ட் பெருமளவு குறைந்துவிட்டால், உணர்கருவி திரவத்தில் மூழ்காமல் காற்றில் தொங்கும். காற்று திரவத்தைப் போல வெப்பத்தைக் கடத்தாது. எஞ்சின் உலோகம் கடுமையாகச் சூடேறிக் கொண்டிருக்க, முள் பல வேளைகளில் கீழே இறங்கிவிடும். கூலண்ட் வராததால் ஹீட்டரும் குளிர்ந்த காற்றையே வீசும். முள்ளும் கீழே, ஹீட்டரும் மந்தம். திறந்தே நிற்கும் தெர்மோஸ்டாட்டின் அடையாளங்களும் இவையே அல்லவா? ஆனால் அங்கே எஞ்சின் குளிர்ந்திருக்கிறது, இங்கே எரிந்துகொண்டிருக்கிறது. ‘முள் கீழேதானே’ என்று தொடர்ந்து ஓட்டினால் சிலிண்டரின் தலைப்பகுதி வளைந்து, எஞ்சினே வீணாகிவிடும். ஆகவேதான் இந்த அடையாளங்களைக் கண்டால் முதல் வேலை கூலண்டின் மட்டத்தைப் பார்ப்பது. மற்றவையெல்லாம் பிறகு.

நான்கு கட்டங்கள்

இரு சாட்சிகளும் சொல்வதை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. முள் கீழே, ஹீட்டர் மந்தம்: கூலண்ட் குறைந்திருக்கலாம். மட்டம் சரியாக இருந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம். அல்லது அதை யாரோ கழற்றியிருக்கலாம்.

2. முள் கீழே, ஹீட்டர் நல்ல சூடு: கூலண்ட் உண்மையில் சூடாகவே இருக்கிறது. உணர்கருவியிலோ கம்பியிலோ முள்ளிலோ பழுது.

3. முள் நடுவில், ஹீட்டர் மந்தம்: எஞ்சினில் குறையில்லை. ஹீட்டரின் மெல்லிய குழல்களைத் துருவோ சுண்ணாம்போ அடைத்திருக்கலாம். உள்ளே காற்றுக் குமிழ் தங்கியிருக்கலாம். சூடான காற்றைத் திருப்பிவிடும் தகடு அசையாமல் போயிருக்கலாம்.

4. முள் மேலே, ஹீட்டர் குளிர்ச்சி: கூலண்ட் சுற்றவில்லை. உடனே வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும்.

மருத்துவர் நாடியையும் நாக்கையும் பார்த்து நோயைப் பிரித்தறிவது போல, எந்தப் பாகத்தையும் கழற்றாமலே நாம் பாதி தூரம் வந்துவிட்டோம்.

முள்ளைப் பற்றி இன்னொரு குறிப்பு. இக்காலக் கார்கள் பலவற்றில் முள் நேராக உணர்கருவியுடன் இணைந்ததன்று. வெப்பநிலை சில டிகிரி ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் வீணாகக் கவலைப்படக் கூடாது என்பதே நோக்கம். எனவே இத்தகைய காரில் முள் கீழே இறங்கியிருந்தால், வெப்பநிலை மிகவும் இறங்கிவிட்டது என்று பொருள். எரிபொருளுக்கு ஏற்ற நேரத்தில் எஞ்சின் சூடேறவில்லை என்பதைக் கணிப்பொறியே கண்டுபிடித்து எச்சரிக்கை விளக்கை ஏற்றுவதும் உண்டு. பட்டறையில் அதைப் படிக்கும் கருவியில் ‘பி0128’ என்ற குறியீடு தோன்றும்.

தொட்டறியும் சோதனை

பெரியவர்களின் துணையுடன் மட்டும் செய்யக்கூடிய சோதனை இது. காலையில் எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது பானெட்டைத் திறந்து, கூலண்டின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். குறைவாக இருந்தால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டு சரிசெய்யும்வரை மேற்கொண்டு சோதனை வேண்டாம்.

மட்டம் சரியெனில் எஞ்சினை ஓடவிட வேண்டும். எஞ்சினிலிருந்து ரேடியேட்டரின் மேல் முனைக்குச் செல்லும் தடித்த ரப்பர்க் குழாயை அவ்வப்போது விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். நல்ல தெர்மோஸ்டாட் எனில் எஞ்சின் சூடேறினாலும் குழாய் சில நிமிடங்கள் குளிர்ச்சியாகவே இருக்கும். பிறகு வாயில் திறந்ததும் திடீரென்று சுடும். திறந்தே சிக்கியிருந்தால் குழாய் தொடக்கத்திலிருந்தே சிறிது சிறிதாக வெதுவெதுப்பாகிக் கொண்டு வரும். ‘திடீர்’ என்பது நலம். ‘மெல்ல மெல்ல’ என்பது நோய். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் கீழ்க்குழாய்ப் பக்கம் இருக்கும். அவற்றில் கீழ்க்குழாயைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்று எச்சரிக்கைகளை மறவாதீர்கள். முதலாவது, ரேடியேட்டரின் மின்விசிறி முன்னறிவிப்பின்றிச் சுழலத் தொடங்கும். சட்டைக் கையோ தாவணியோ பின்னலோ அருகில் போகக் கூடாது. இரண்டாவது, சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. உதகையின் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 92° செ. வெப்பநிலையிலேயே கொதித்துவிடும். மூடிய ரேடியேட்டரிலோ அழுத்தம் கூடுதலாக இருப்பதால், பிரஷர் குக்கரில் போல, 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் விழும். நீர் குபீரென்று ஆவியாகி முகத்தில் அடிக்கும். மூன்றாவது, குளிருக்குப் பயந்து மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டு உட்காரக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்கச் செய்தே கொன்றுவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

பட்டறையில் மாற்றிப் போட்ட பழைய தெர்மோஸ்டாட் ஒன்றைக் கேட்டு வாங்கி, நன்றாகக் கழுவிக் கொள்ளுங்கள். அதன் மீது 82 அல்லது 88 போன்ற ஓர் எண் பொறித்திருக்கும். அது திறக்கத் தொடங்கும் வெப்பநிலை. வாயிலைச் சற்று அழுத்தித் திறந்து, ஒரு நூலை இடுக்கில் வைத்து மூடிவிடுங்கள். நூலைப் பிடித்துத் தெர்மோஸ்டாட்டைச் சமையலுக்குப் பயன்படாத ஒரு பாத்திரத்து நீரில் தொங்கவிடுங்கள். அடியைத் தொடக் கூடாது. வெப்பமானியையும் தொங்கவிட்டு, ஆசிரியரின் மேற்பார்வையில் நீரைச் சூடாக்குங்கள்.

வாயில் திறந்த கணத்தில் நூல் விடுபட்டுத் தெர்மோஸ்டாட் விழுந்துவிடும். அப்போதைய வெப்பநிலையைக் குறித்துக் கொள்ளுங்கள். பொறித்த எண்ணுடன் ஓரிரு டிகிரிக்குள் பொருந்தினால் கருவி நலமே. நூலைப் பிடித்துக் கொள்ளவே மறுத்தால் வாயில் திறந்தே சிக்கியிருக்கிறது. நீர் கொதித்தும் விழவில்லையெனில் மூடியே சிக்கியிருக்கிறது. பின்னர் நீரை ஆறவிட்டு, எந்த வெப்பநிலையில் வாயில் மூடுகிறது என்றும் பாருங்கள். திறந்த வெப்பநிலையைவிட அது சற்றுக் குறைவாக இருக்கும். மெழுகின் உட்பகுதி வரை வெப்பம் போய்வர நேரம் ஆவதும், அசையும் பாகங்களின் உராய்வும் இதற்குக் காரணம்.

பழுதான தெர்மோஸ்டாட்டை மாற்றுவது பெரும்பாலும் பெரிய செலவில்லாத வேலை. மாற்றாமல் விடுவதால் வீணாகும் பெட்ரோலும் தேயும் எஞ்சினும்தான் பெருஞ்செலவு. மலைப்பாதையில் பனி படிந்த கண்ணாடியைத் தெளிவாக்க ஹீட்டரின் சூடான காற்று தேவை என்பதால், இது உயிரைக் காக்கும் செலவும் ஆகும்.

மின்கலத்தால் ஓடும் கார்கள் இப்போது சாலைகளில் பெருகி வருகின்றன. அவற்றில் வீணாகும் வெப்பம் மிகக் குறைவு. எனவே ஹீட்டருக்கு இலவச வெப்பம் கிடைப்பதில்லை. மின்கலத்திலிருந்தே எடுக்க வேண்டியிருக்கிறது. குளிர்நாடுகளில் மாரிக்காலத்தில் இக்கார்கள் ஓடும் தூரம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தையே உள்ளே இறைக்கும் ‘வெப்ப எக்கி’களை இவற்றில் பலவற்றில் பொருத்துகிறார்கள்.

சிந்தியுங்கள்

1. தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக் கொண்டால் முள் எப்படியிருக்கும்? ஹீட்டர் எப்படியிருக்கும்?

2. கடுங்குளிர்ப் பகுதிகளில் லாரி ஓட்டுநர்கள் ரேடியேட்டரின் முன்பக்கத்தை ஓரளவு அட்டையால் மறைப்பது உண்டு. நம் கணக்கிலுள்ள எந்த எண்ணை அவர்கள் மாற்றுகிறார்கள்?

3. மேலே கண்ட பழுதான கார், ஹீட்டர் போடாமல், 20° செ. குளிர்ச்சியுள்ள கொடைக்கானலில் 60 கி.மீ. வேகத்தில் ஓடினால் கூலண்ட் எந்த வெப்பநிலையில் நிற்கும்?